கம்பளி விரித்தால் அறையின் இரைச்சல் அடங்குமா?

(காட்சி: சாமான் ஏறாத புது ஃபிளாட். ஒருவர் ஹாலின் நடுவில் நின்று கை தட்டுகிறார்.)

கேட்டீர்களா? தட்டியது ஒரு தடவைதான். ஆனால் கணகணவென்று இழுத்துக்கொண்டே போகிறது. தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர். இவையெல்லாம் தங்கள்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சம் திரும்பி வந்து அறைக்குள்ளேயே சுற்றும். அதனால்தான் மிக்ஸி ஓடினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம், டிவிக்கு மேல் கத்திப் பேசுகிறோம்.

(காட்சி: கம்பளி இழை, மிக நெருக்கத்தில்.)

கம்பளி இழை நேராக இருக்காது, சுருண்டு நெளிந்திருக்கும். அந்த நெளிவுகளுக்கு இடையில் நிறையக் காற்று தங்கும். ஒலி என்பதே காற்றின் அதிர்வுதானே? அதிரும் காற்று இந்த இடுக்குகளில் நுழைந்து இழைகளோடு உரசும்போது, ஒலியின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக மாறிவிடும். கை வைத்துப் பார்த்தால் தெரியாத, துளியூண்டு வெப்பம்.

இதில் கம்பளிக்கு மட்டும் தனி மாயம் ஒன்றும் இல்லை. பாலியஸ்டர் இழையை நெய்யாமல் அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியும் இதே வேலையைச் செய்யும். தடிமன்தான் முக்கியம். பவானி ஜமக்காளம் பார்க்க அழகு, ஆனால் மெல்லிய பருத்தி நெசவு. இந்த வேலைக்கு அது போதாது.

சரி, எவ்வளவு விரிக்க வேண்டும்?

(காட்சி: பழைய விரிவுரை அரங்கின் வரைபடம்.)

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும்! அப்படிப் பிறந்த சூத்திரம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் கிடைக்கும். மொத்த உறிஞ்சுதல் என்பது, ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 4 மீட்டர், அகலம் 4, உயரம் 3. கன அளவு 48. தரை, சுவர், கூரை எல்லாம் சேர்த்து 80 சதுர மீட்டர். இரண்டு சதவீதம் உறிஞ்சுகிறது என்று வைத்தால், ஓசை அடங்க 4.8 விநாடி. இப்போது 6 சதுர மீட்டர் கம்பளி கார்பெட் விரிக்கிறோம். அது நாற்பது சதவீதம் உறிஞ்சினால், நேரம் 2 விநாடிக்கு இறங்கிவிடும். இன்னொரு 6 சதுர மீட்டர் போட்டாலோ 1.25 விநாடி. காலி அறைக்கான தோராயக் கணக்குதான் இது. ஆனால் பாருங்கள், முதல் கார்பெட்டில் கிடைக்கும் பலன் இரண்டாவதில் இல்லை. ஏற்கெனவே சோபா, மெத்தை, துணி என்று நிறைந்த அறையில் இன்னும் குறைவாகத்தான் தெரியும்.

(காட்சி: தெருவில் ஹாரன் அடிக்கும் பேருந்து.)

இந்த ஹாரனுக்குக் கம்பளி பதில் இல்லை. வெளிச்சத்தம் சன்னல் இடுக்கு வழியாக வருகிறது. இடுக்கை அடைக்க வேண்டும், கண்ணாடி கனமாக வேண்டும். மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தமா? கார்பெட் விரிக்க வேண்டியது அவர்கள் தரையில், உங்கள் தரையில் அல்ல. அதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் சாமர்த்தியம். அப்புறம், "தும் தும்" என்ற பாஸ் சத்தம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 3.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் கார்பெட் அதை என்ன செய்துவிடும்?

(காட்சி: கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் ரூம்.)

அலுவலகத்தில் அதிகம் அவதிப்படுவது இந்த அறைதான். வீடியோ கால் என்றால் எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். கம்பளி ஃபெல்ட் பலகைகளை உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், அடுத்தடுத்த இரு சுவர்களில் மாட்டுங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்களில் ஒன்றாவது மூடியிருக்கும், ஒலி பந்தாடாது. சுவரோடு ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். கம்பளி எளிதில் தீப்பற்றாது, உருகிச் சொட்டவும் செய்யாது. அலுவலகத்துக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் திரைச்சீலை போடுவதானால் சன்னல் அகலத்தைப் போல இரு மடங்கு துணி வாங்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். இழுத்துப் பிடித்த துணியைவிட மடிப்புத் துணி அதிகம் உறிஞ்சும்.

ஒரு தொல்லை உண்டு: பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளிதான் சாப்பாடு. சோபாவுக்கு அடியில், யாரும் மிதிக்காத ஓரத்தில்தான் அரிக்க ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி, கார்பெட்டின் இரண்டு பக்கமும் வேக்கம் போடுங்கள்.