நியூயார்க் சுங்கச் சாவடியில் ஓர் ஆரஞ்சு வழக்கு

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ஆல்பர்ட் பெவரிட்ஜிடமிருந்து தொடங்குகிறேன். கெட்டுப்போன இறைச்சி டப்பாவில் அடைபட்டு விற்பனைக்கு வருவதைத் தடுக்க 1906-இல் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்ததே, அதற்காகச் செனட்டில் முன்நின்று போராடியவர் அவர். குழந்தைகளின் உழைப்பில் உருவான சரக்கு மாநில எல்லையைத் தாண்டக்கூடாது என்றும் மசோதா கொண்டுவந்தார். இதே பெவரிட்ஜ்தான் 1900 ஜனவரியில் செனட்டில் எழுந்து, பிலிப்பைன்ஸ் என்றென்றும் நமக்கே சொந்தம் என்று முழங்கினார். தங்களைத் தாங்களே ஆளும் திறன் அந்த மக்களுக்குக் கிடையாது என்றும் வாதிட்டார்.

இதை இரட்டை வேடம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. படித்துத் தேர்ந்த நிர்வாகி சமூகத்தைச் சீர்செய்வார் என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டு இடங்களிலும் வேலை செய்தது. சிகாகோவில் அந்த நிர்வாகி அடுத்த தேர்தலில் பதில் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸின் மணிலாவில் அவரைக் கேட்க வாக்காளர் இல்லை. 1901-இல் நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டில்தான், அமைதியான வழியில்கூட விடுதலை கோருவது குற்றம் என்ற தேசத்துரோகச் சட்டமும் அங்கே வந்தது.

வாக்காளர் இல்லாத அந்த நிலைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது ஓர் ஆரஞ்சு வழக்கு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1898-இல் பிலிப்பைன்ஸைப் போலவே, கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1900-இல் இயற்றப்பட்ட ஃபோரேக்கர் சட்டம், அந்தத் தீவிலிருந்து வரும் பொருளுக்கு, அந்நிய நாட்டுப் பொருளுக்கு உள்ள சுங்கத் தீர்வையில் 15 சதவீதத்தை விதித்தது. டவுன்ஸ் என்ற வணிகர் சான் ஹுவானிலிருந்து ஆரஞ்சு இறக்கினார். நியூயார்க் துறைமுகத்தில் 659 டாலர் 35 சென்ட் கட்டச் சொன்னார்கள். ஆட்சேபம் தெரிவித்துக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். நாடு முழுவதும் தீர்வை ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தீவு அமெரிக்காவின் பகுதி என்றால் அந்தத் தீர்வை செல்லாது.

1901 மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் டவுன்ஸ் தோற்றார். தீர்ப்பை அறிவித்தவர் நீதிபதி பிரவுன். கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி ஒதுக்குவது செல்லும் என்று 1896-இல் எழுதியவர். வேற்றினத்தார் வாழும் நிலத்தில் ஆங்கிலோ-சாக்சன் நெறிப்படி ஆள்வது சில காலம் முடியாமல் போகலாம் என்றார். பின்னாளில் நிலைத்தது நீதிபதி ஒயிட் வகுத்த கோட்பாடு: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவுடன் இணைக்கப்படவில்லை. இணைப்பது எப்போது என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விருப்பம். அதற்குக் கெடு எதுவும் கிடையாது. கோளாறு இங்கேதான்.

விளைவைப் பாருங்கள். 1913-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆம் திருத்தம் செனட்டர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அமெரிக்க மாநில மக்களுக்குத் தந்தது. சீர்திருத்தவாதிகள் கொண்டாடிய வெற்றி அது. போர்ட்டோ ரிக்கோ மக்கள் தங்கள் ஆளுநரை முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தது 1948-இல்.

இடையில் 1917-இல் அவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அதை நம்பி பால்சாக் என்ற பத்திரிகை ஆசிரியர், தம் மீதான அவதூறு வழக்கில் ஜூரி விசாரணை கேட்டார். 1922-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த உரிமை ஆளைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது என்று எழுதினார் தலைமை நீதிபதி டாஃப்ட். பிலிப்பைன்ஸின் முதல் அமெரிக்க சிவில் ஆளுநராக இருந்தவர் அவரே.

அந்த விதியின் தடம் இன்றும் இருக்கிறது. சான் ஹுவானில் பிறந்தவர் நியூயார்க்கில் குடியேறினால் அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். ஊர் திரும்பிவிட்டால் முடியாது. 2022-இல் ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அரசு நிதியுதவி தீவுக்கு மறுக்கப்பட்டது தொடர்பான வழக்கு ஒன்றில், 1901-இன் இத்தகைய தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கோர்சச் தனியாக எழுதினார். அவை இன்னும் தள்ளுபடியாகவில்லை.