உலகம் சுத்த 7 கிலோ: அதுல கேமராவுக்கு எவ்வளவு?

[காட்சி: கொக்கித் தராசில் தொங்கும் முதுகுப்பை. எண் 9.4-ல் போய் நிற்கிறது.]

ஆறு மாசம், பத்துப் பதினைஞ்சு நாடு. அதுக்கு கேமரா வாங்கணும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி பெங்களூரு எஸ்.பி. ரோட்ல ஒரு கொக்கித் தராசு வாங்கிடுங்க. சில நூறு ரூபாய்தான். எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), எந்த லென்ஸ்ங்கற கேள்விக்கு நூறு ரிவ்யூ வீடியோவை விட அந்தத் தராசு நேர்மையா பதில் சொல்லும்.

கணக்கைப் பாருங்க. எகானமி டிக்கெட்ல கேபின் பை பெரும்பாலும் 7 கிலோ. கேமராவையும் லென்ஸையும் செக்-இன்ல போட முடியாது. பெல்ட்ல பெட்டி எப்படி வந்து விழுதுன்னு எல்லாரும் பார்த்திருக்கோம். உபரி லித்தியம் பேட்டரியை செக்-இன்ல போட விதியே இடம் கொடுக்காது. ஆக எல்லாமே அந்த ஏழுக்குள்ள அடங்கணும். காலிப் பை 1.2 கிலோ. லேப்டாப்பும் அதோட சார்ஜரும் 1.6. ஒரு ஜாக்கெட், ஒரு செட் துணி, மருந்து, பேப்பர் எல்லாம் 1.5. மிச்சம் 2.7 கிலோ. கேமராவோட சேர்ந்த கடைசி கேபிள் வரைக்கும் இதுக்குள்ளதான்.

[காட்சி: மேசைமேல் இரண்டு செட்கள். ஒவ்வொன்றின் மேலும் எடை.]

இப்ப ஆசைப்படுற செட்டைத் தூக்கி வைப்போம். சோனி ஏ7 ஃபோர், பேட்டரியும் கார்டும் சேர்த்து 659 கிராம். 24-70 எஃப் 2.8 ஜிஎம் டூ லென்ஸ் 695 கிராம். (24-70-ங்கறது மி.மீ அளவு: எண் சின்னதா இருந்தா அகலமா எடுக்கும், பெருசா இருந்தா தூரத்தைக் கிட்ட இழுக்கும். எஃப் எண் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம் உள்ள வரும்.) 70-200 எஃப் 2.8 ஜிஎம் டூ 1,045 கிராம். மூணும் சேர்ந்து 2.4 கிலோ. இதுல சார்ஜர் இல்ல, ஸ்ட்ராப் இல்ல, அகலமா எடுக்க லென்ஸ் இல்ல. 16-35 ஜிஎம் டூவையும் சேர்த்தா பட்ஜெட் அங்கயே உடையுது. அற்புதமான கண்ணாடிகள்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நாலாவது வாரத்துல 70-200 ஹாஸ்டல் லாக்கர்லதான் தூங்கும்.

அடுத்த செட். சோனி ஏ6700, 493 கிராம். சிக்மா 18-50 எஃப் 2.8, 290 கிராம். சோனி 70-350 ஜி, 625 கிராம். சோனி 11 மி.மீ எஃப் 1.8, 181 கிராம். மொத்தம் 1.6 கிலோ. இது ஏபிஎஸ்-சி சென்சார், ஏ7 ஃபோர்ல இருக்கற ஃபுல் ஃப்ரேம் சென்சாரை விடச் சின்னது. அதனால லென்ஸோட மி.மீ எண்ணை ஒன்றரையால பெருக்கிக்குங்க. 11 மி.மீ ஃபுல் ஃப்ரேம்ல 16.5 மாதிரி. 350 மி.மீ 525 மாதிரி. ஹாகியா சோபியாவோட குவிமாடத்துல இருந்து மசாய் மாரா சிங்கம் வரைக்கும் ஒரே பையில வந்துடுது.

இந்த செட்டுல ஒரு குறை இருக்கு. ஏ6700-ல கார்டு ஸ்லாட் ஒண்ணுதான். கார்டு செத்தா அன்னைக்கு எடுத்தது எல்லாம் போச்சு. அது மனசை அரிக்கும்னா ஃபுஜி எக்ஸ்-டி5 பாருங்க: 557 கிராம், ரெண்டு ஸ்லாட். அதோட 16-80 எஃப் 4, 440 கிராம். 70-300, 580 கிராம். மொத்தம் 1.6 கிலோவுக்குள்ளேயே நிக்குது.

ஃபுல் ஃப்ரேம்தான் வேணும், ஆனா காட்டு விலங்கு எடுக்கப் போறதில்லன்னா ஏ7சி டூவும் டாம்ரான் 28-200-ம் போதும். 514 கிராமும் 575 கிராமும். 1.1 கிலோதான், லென்ஸ் மாத்துற வேலையே கிடையாது. மக்கள், தெரு, மலை எடுக்கறவங்களுக்கு எங்க முதல் சிபாரிசு இதுதான். சந்துக்குள்ள நின்னு கோபுரம் மாதிரி உயரமானதை எடுக்கும்போது மட்டும் 28 மி.மீ போதாது, அதுக்கு போனோட அல்ட்ரா வைட் இருக்கு. ரெண்டாவது பாடின்னு தனியா ஒண்ணு சுமக்காதீங்க. நல்ல போன்தான் உங்க ரெண்டாவது பாடி.

[காட்சி: கே.ஆர். மார்க்கெட், விடியற்காலை. பூக்குவியல்களுக்கு மேல் பல்புகள்.]

வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுங்க. பெங்களூருல கேமரா வாடகைக் கடைக்குப் பஞ்சமே இல்ல. அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேப்பாங்க. மூணு இடத்துல சோதிச்சாப் போதும்.

ஒண்ணு, கே.ஆர். மார்க்கெட், காலை அஞ்சரை மணி. பல்பு வெளிச்சத்துல பூக்காரங்க கை நகர்றதை எடுத்துப் பாருங்க. ஷட்டர் நொடியில 125-ல ஒரு பங்கு, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400 பக்கம் வரும். இதையே எஃப் 5.6 ஸூம்ல எடுத்தா ஐஎஸ்ஓ 25,600-க்கு ஏறிடும், படம் புள்ளி புள்ளியா தெரியும். ராத்திரி சந்தைகள்ல எந்த லென்ஸ் தேவைப்படும்னு இங்கயே தெரிஞ்சுடும். ரெண்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துல இருக்கற ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். படகுல உக்காந்து கொக்கு, நாரையை எடுங்க. ஆடுற படகுல பெரிய ஸூமை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுதுன்னு கை சொல்லும். மூணாவது, நிரப்பின பையோட அல்சூர் திருவள்ளுவர் சிலையில இருந்து கப்பன் பார்க் வழியா லால்பாக் வரைக்கும் நடங்க. ஆட்டோ பிடிக்கத் தோணுச்சுன்னா பை கனம்னு அர்த்தம்.

வாங்கின லென்ஸையும் அந்த வாரமே பரிசோதிங்க. தூரத்துல இருக்கற அபார்ட்மென்ட் சுவரை நேருக்கு நேரா, முழுசா திறந்த அப்பர்ச்சர்ல (எஃப் எண்ணை ஆகக் குறைச்சலா வெச்சு) எடுத்து நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாருங்க. ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா உள்ள கண்ணாடி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. எஃப் 8-ல ஓரளவு மறையும், முழுசா போகாது. மாத்திக் கேளுங்க.

இன்னொண்ணு, ஜிஎஸ்டி பில். கடைக்காரர் தமிழ்லயே பேசினாலும் "பில் கொடி"ன்னு கன்னடத்துல ஒரு தடவை அழுத்திக் கேளுங்க. பில் இல்லாம கொஞ்சம் மிச்சம் பிடிச்சா வாரன்டி சிக்கல், இன்ஷூரன்ஸ் சிக்கல், திரும்பி வரும்போது சுங்கத்துலயும் சிக்கல். ஜப்பான்ல போய் மலிவா வாங்கிக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு: அங்க உள்நாட்டுக்குன்னு விக்கற சோனி பாடிகள்ல மெனு ஜப்பானிய மொழியில மட்டும்தான் இருக்கும்.

[காட்சி: பேட்டரியின் பின்புறம். "16.4 வாட் ஹவர்" என்ற எழுத்து.]

விமானத்துல பேட்டரிக்கு எல்லைக்கோடு 100 வாட் ஹவர். 100-ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும். அதுக்கு மேல பயணி எடுத்துட்டே போக முடியாது. சோனியோட பேட்டரி ஒண்ணு 16.4 வாட் ஹவர்தான். கேமராவுல ஒண்ணு, பையில ரெண்டு இருந்தா போதும். முனை உலோகத்துல படாம ஒவ்வொண்ணுக்கும் மூடி போடுங்க. சாவிக்கொத்தோட ஒரே பாக்கெட்ல போட்டா ஷார்ட் ஆகும்.

பவர் பேங்க்கை மில்லி ஆம்பியர் ஹவர்ல (எம்ஏஹெச்) பார்த்து வாங்காதீங்க. 20,000 எம்ஏஹெச்சை 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட் ஹவர். வழியில வீணாகறது போக கேமரா பேட்டரியை மூணு தடவை நிரப்பும். வாட் ஹவர் மேலயே தெளிவா அச்சடிச்சிருக்கணும். எழுத்து அழிஞ்சு போனதை செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்க. சீனாவுல உள்நாட்டு விமானம் ஏறப்போறீங்கன்னா கவனம்: 2025 ஜூன் 28-ல இருந்து 3சி முத்திரை (சீனாவோட பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க்குக்கு அங்க அனுமதி இல்ல. நம்ம ஊர்ல வாங்கினதுல அந்த முத்திரை இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே திருப்பிப் பாருங்க.

சார்ஜருக்கு 65 வாட் GaN சார்ஜர் (கேலியம் நைட்ரைடு, சின்ன அளவுலயே அதிக சக்தி கொடுக்கற வகை) ஒண்ணு, மூணு போர்ட் இருக்கறதா. லேப்டாப், கேமரா, போன் மூணும் யூஎஸ்பி சி-யில ஏறும். "இன்புட் 100-240"னு போட்டிருந்தா ஜப்பானோட 100 வோல்ட்டும் ஓகே, நம்ம 230-ம் ஓகே. டிராவல் அடாப்டர் பின்னைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது.

[காட்சி: எஸ்எஸ்டி இரண்டு, ஒன்று பையிலும் ஒன்று இடுப்புப் பையிலும்.]

ஒரு நாளைக்கு 200 படம், ரா ஃபைல் (ஜேபெக்கா மாத்தாத மூலப்படம்) ஒண்ணு 30 எம்பின்னு வைங்க: 6 ஜிபி. 180 நாளைக்கு 1.1 டிபி. 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அப்ப 2 டிபி எஸ்எஸ்டி ரெண்டு. ரெண்டுலயும் அதே படங்கள், ரெண்டும் ஒரே பையில இருக்கக் கூடாது. கிளவுட்ல ஏத்திக்கலாம்னு ரொம்ப நம்பாதீங்க. ஹோட்டல் வைஃபை 5 எம்பிபிஎஸ் கொடுத்தா அந்த 6 ஜிபி ஏற ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகும். பிடிச்ச பத்து ஜேபெக் மட்டும் ஏத்துங்க.

கார்டு 128 ஜிபி நாலு, வி30 குறி (வீடியோ எழுதற வேகத்தைச் சொல்றது) இருக்கறது. போலி கார்டு சந்தையில ஏராளம். மேல 128-னு இருக்கும், உள்ள 16 இருக்கும்; முதல் 16 வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுட்டு அதுக்கப்புறம் வர்ற படத்தை விழுங்கிடும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச மென்பொருள்ல கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படிச்சுப் பார்த்துட்டு எடுத்துட்டுப் போங்க.

[காட்சி: வெள்ளையாய் மூடுபனி படிந்த லென்ஸ்.]

சென்னையில மே மாசம் ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுக்கும் இல்லையா, அதேதான் லென்ஸுக்கும் நடக்குது. ஐஸ்லாந்துல இது தலைகீழ்: வெளிய குளிர், உள்ள ஹீட்டர். குளிர்ந்த கண்ணாடியில சூடான காத்தோட ஈரம் படியுது. துடைச்சா மறுபடி படியும். வெளிய இருக்கும்போதே பையை மூடி உள்ள கொண்டு வாங்க, அரை மணியில இருந்து முக்கால் மணி திறக்காதீங்க. கார்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கிட்டா காத்திருக்கற நேரத்துல படம் பார்க்கலாம். குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும். உபரியைச் சட்டையோட உள்பாக்கெட்ல, உடம்புச் சூட்டுல வைங்க.

ஈரத்துக்கு ஜிப் லாக் பையே போதும்னு சொல்லுவாங்க. கென்யாவுல 2017-ல இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதனால வாய் சுருட்டி மூடற ட்ரை பேக்தான் பாதுகாப்பு. சிலிக்கா ஜெல் நிறம் மாறறதா வாங்குங்க, எப்ப காய வைக்கணும்னு தெரியும். அரிசி டப்பாவுக்குள்ள கேமராவைப் போடற வைத்தியம் வேண்டாம். மாவுத்தூள் உள்ள போகும். தோல் உறையில மாசக்கணக்கா மூடி வைக்கறது பூஞ்சைக்கு விருந்து.

தூசி சென்சார்ல ஏறறது லென்ஸ் மாத்தும்போது. சஃபாரி ஜீப் ஓடும்போது மாத்தாதீங்க. 70-350-ஐக் காலையிலேயே போட்டுட்டு, அகலமானதுக்கு போனை எடுங்க. சென்சார்ல தூசி இருக்கான்னு பார்க்க, எஃப் 16-ல வெறும் வானத்தை எடுங்க. கரும்புள்ளி தெரிஞ்சா, கேமரா வாயைக் கீழ பார்க்கப் பிடிச்சு ரப்பர் ப்ளோயரால ஊதுங்க. வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். அது தூசியை விட மோசமான கறை.

பொலிவியாவுல உயூனி உப்புப் பாலைவனம் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். மழைக்காலத்துல தண்ணி நின்னு வானம் தரையில தெரியும். அங்க போலரைஸர் ஃபில்டர் போட்டா அந்தப் பிரதிபலிப்பையே அது கொன்னுடும். கழட்டிடுங்க. உப்புத்தண்ணியில நின்ன ட்ரைபாடை அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணியில அலசணும், இல்லன்னா திருகு இறுகிடும்.

ட்ரைபாடுன்னதும் ஞாபகம் வருது: பெரும்பாலானவங்களுக்குத் தேவையே இல்ல. பயணத்துக்குன்னே செய்யற கார்பன் ஃபைபர் ட்ரைபாடு பலதும் ஒரு கிலோவைத் தாண்டும், உங்க பட்ஜெட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல. மாச்சு பிச்சுல உள்ள விட மாட்டாங்க, தாஜ்மஹால்லயும் அப்படித்தான். கையளவு மேசை ட்ரைபாடு ஒண்ணு போதும். ட்ரோனா? மொராக்கோலயும் எகிப்துலயும் விமான நிலையத்துலயே எடுத்து வெச்சுடுவாங்க. வழியில அந்த நாடு இருந்தா வீட்லயே விட்டுடுங்க.

[காட்சி: கெம்பேகவுடா விமான நிலையம், புறப்பாட்டு மண்டபம்.]

கிளம்பற அன்னைக்கு ஒரு வேலை இருக்கு, நிறைய பேர் தவறவிடறது. வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. பாடி, லென்ஸ் எல்லாத்தோட சீரியல் நம்பரையும் ஒரே தாள்ல அடிச்சு, பில்லோட சுங்க கவுண்டர்ல காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்க. திரும்பி வரும்போது "இது வெளிநாட்டுல வாங்கினது, வரி கட்டு"ன்னு கேட்டா அதுதான் பதில். பொருளை நேர்ல பார்த்துட்டுதான் கையெழுத்துப் போடுவாங்க, அதனால எல்லாம் கையில இருக்கணும். வேலை நிமித்தமா, நிறைய கருவியோட போறவங்களுக்கு இது போதாது. ஃபிக்கி (தொழில் வர்த்தகச் சபைகளோட கூட்டமைப்பு) வழங்கற ஏடிஏ கார்னே, அதாவது கருவியைத் தற்காலிகமா வெளிநாட்டுக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வர்றதுக்கான சுங்க ஆவணம் எடுக்கணும்.

சான்றிதழைப் போன்ல படம் எடுத்துக்கிட்டு, ஒரிஜினலைப் பாஸ்போர்ட்டோட வைங்க. ஆறு மாசம் கழிச்சு நீங்க இறங்கறது சென்னையாவும் இருக்கலாம், மும்பையாவும் இருக்கலாம். அங்க இருக்கற அதிகாரி கேக்கப்போறது ஒரிஜினலைத்தான்.