நெருப்பில் பாதி, புகையில் பாதி: பால் சோல்ட்னரின் ராக்கு உருவங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச வந்திருப்பது ராக்குவைப் பற்றி. நவக்கிரகங்களில் ஒன்றான ராகுவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோத்தோ நகரில் பிறந்த ஒரு மட்பாண்ட முறை. தேநீர்ச் சடங்கின் பேராசானாகிய சென் நோ ரிக்யூவுக்காகச் சோஜிரோ என்னும் கைவினைஞர் சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே பிடித்துச் செய்த கிண்ணங்களிலிருந்துதான் ராக்குவின் கதையை வழக்கமாகத் தொடங்குவார்கள். ஆனால், சோஜிரோவின் படைப்புகளில் காலம் பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது கிண்ணம் அன்று. 1574ஆம் ஆண்டு வசந்த காலத்தில் செய்யப்பட்ட ஒரு சிங்கம். உருவங்கள் செய்து பிழைக்கும் எனக்கு அந்தச் சிங்கத்தின் மீது தனிப் பிரியம் உண்டு.

அந்தச் சிங்கத்துக்குப் பின் ராக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கிண்ணத்தின் கலையாகவே அறியப்பட்டது. அதை அமெரிக்காவில் வேறு பாதைக்குத் திருப்பியவர்களில் முதன்மையானவர் பால் சோல்ட்னர். 1921இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் படையின் மருத்துவப் பணியாளராக ஐரோப்பா சென்றார். போர் முடியும் தறுவாயில், நாஜிகளின் மௌத்தௌசன் வதைமுகாமின் சுவர்களில் கைதிகள் கரித்துண்டால் வரைந்திருந்த ஓவியங்களைக் கண்டார். சாவின் வாயிலில் நின்றவர்களும் படம் வரைந்திருக்கிறார்கள் என்பது அவரை உலுக்கியது. கலைஞனாவது என்று முடிவெடுத்தார். களிமண்ணுக்கு அவர் வந்து சேர்ந்தது முப்பது வயதைக் கடந்த பிறகுதான். 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர் வோல்கோஸிடம் முதல் மாணவராகச் சேர்ந்தார். பாண்டம் என்றால் பயன்பாட்டுக்குரியது என்ற எல்லையை உடைத்துக்கொண்டிருந்தவர் வோல்கோஸ். ஆசிரியரின் துணிச்சல் மாணவரிடம் ஒட்டிக்கொண்டது, வடிவங்கள் ஒட்டவில்லை. நல்ல ஆசிரியருக்கு அதுவே அடையாளம் என்பேன்.

1960இல் சாண்டா பார்பராவில் நடந்த கைவினைக் கண்காட்சி ஒன்றில், ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் பெர்னார்ட் லீச்சின் நூலில் படித்ததை மட்டும் நம்பி, சோல்ட்னர் மக்கள் முன்னிலையில் ராக்கு சுட்டுப் பார்த்தார். வந்த விளைவு அவருக்கே பிடிக்கவில்லை. சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தை, அருகே மிளகு மரம் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் மரத்தடியில் கிடந்த சருகில் போட்டுப் புரட்டினார். சருகு பற்றி எரிந்தது, புகை மண்ணுக்குள் இறங்கியது. இன்று மேலைநாட்டு ராக்கு என்று உலகம் அறிந்திருக்கும் முறை பெரிதும் அந்தச் சருகுக் குவியலிலிருந்து வளர்ந்ததே.

சூளையில் நடப்பதைச் சற்றுப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வெப்பம் ஏறத்தாழ 1000 பாகை செல்சியசைத் தொடும்போது கதவைத் திறந்தால், மேற்பூச்சு உருகி, தேன் தடவியதுபோல் மினுங்கும். நீண்ட இடுக்கியால் உருவத்தைப் பிடித்துத் தூக்கி, மரத்தூள் நிரம்பிய தகர டப்பாவில் இறக்கி, மூடியை அழுத்த வேண்டும். குளிரும் பூச்சு மெல்லிய கண்ணாடி வளையல்கள் நொறுங்குவதுபோல் சிணுங்கி வெடிக்கும். அந்த நுண்வெடிப்புகளில் கரி ஏறிக் கறுப்பு வலை பின்னும். பூச்சில்லாத மண் முழுவதும் கறுத்துவிடும். பூச்சில் கலந்து, பிராணவாயு கிடைக்காமல் போன தாமிரம் சில இடங்களில் செம்பாகவே பளபளக்கும்.

கிண்ணம் இந்த அதிர்ச்சியைத் தாங்கிவிடும். மனித உருவத்துக்குத்தான் ஆபத்து. கன்னம் மெல்லியதாகவும் கழுத்து தடிப்பாகவும் இருந்தால் ஒன்று முந்திக் குளிரும், மற்றது பிந்தும், இடையில் விரிசல் விழும். சுட்ட ஓட்டுத் துண்டுகளைப் பொடித்து மண்ணில் கலந்தால் ஓரளவு தப்பலாம். நான் முதன்முதலாகச் சுட்ட தலையின் இடது காது, இடுக்கி பட்டதும் மரத்தூளுக்குள் விழுந்துவிட்டது. சோல்ட்னர் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. தரையில் வீசி நீட்டிய மண்பலகையில் செருப்படியின் தடத்தைப் பதித்தார். பத்திரிகைப் படங்களிலிருந்து வெட்டிய பெண் உருவங்களை வைத்து அழுத்தினார். அந்த உருவங்களின் ஓரங்களில் இரும்பும் தாமிரமும் கலந்த பூச்சு புகையோடு சேர்ந்து ஒளிவட்டம்போல் படிந்தது. எலும்பும் தசையும் காட்டும் உருவங்கள் அல்ல அவை. ஈர மணலில் யாரோ படுத்து எழுந்துபோன தடம்போல இருக்கும். முழு உருவச் சிற்பங்களைவிட அவற்றில் மனிதர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1978இல் கியோத்தோவில் நடந்த உலகக் கைவினை மாநாட்டில், ராக்கு என்ற பெயரைப் பற்றியே வாக்குவாதம் எழுந்தது. சோஜிரோவின் வழிவந்த ராக்கு குடும்பத்தின் பதினான்காம் தலைமுறைத் தலைவர், அந்தப் பெயர் தம் குடும்பத்தின் கலைக்கே உரியது என்றும், மேலைநாட்டவர் தங்கள் முறைக்குத் தங்கள் பெயரையே சூட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் முறையில் மரத்தூளும் இல்லை, புகைமூட்டும் வழக்கமும் இல்லை. ஆயினும் சோல்ட்னர் 2011இல் மறையும்வரை உலகம் அவரை ராக்கு கலைஞர் என்றே அழைத்தது. நானும் என் சூளைக் குறிப்பேட்டில் ராக்கு என்றுதான் எழுதி வருகிறேன். எழுதும்போதெல்லாம் கியோத்தோக்காரரின் ஆட்சேபணை நினைவுக்கு வரத்தான் செய்கிறது. நன்றி, வணக்கம்.