அலைவரிசைப் பலகை

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் நிலையம் தேடி முள்ளைத் திருப்பும்போது, ஒரு நிலையத்தின் பாட்டுக்குள் இன்னொரு நிலையத்தின் செய்தி புகுந்து இரண்டுமே விளங்காமல் போவதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் அது வெறும் இரைச்சல். முள்ளைச் சற்று நகர்த்தினால் தீர்ந்துவிடும். ரேடியோ மூலம் இயக்கப்படும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் மைதானத்திலோ, அதே குழப்பம் இரண்டு நொடி நீடித்தால் பல மாத உழைப்பு தரையில் சிதறிக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு கழகத்தில் நீண்ட காலமாக உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில், ஒரே வானத்தை நாங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறோம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1937ஆம் ஆண்டில் அமெரிக்கச் சகோதரர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 'கஃப்' என்று பெயரிட்ட தங்கள் விமானத்தை ரேடியோவால் இயக்கினார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ஆரம்பகால ரிசீவர்களுக்குப் பக்கத்து அலைகளைப் பிரித்தறியத் தெரியாது. ஆகவே ஒருவர் சுவிட்சைப் போட்டால் மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பின்னர் சேனல்கள் வந்தன. ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ் வழக்கில் இருந்தது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிட்ட 50 சேனல்கள் இருந்தன.

நான் கழகத்தில் சேர்ந்தபோது, மைதானத்துக்குள் வந்த எவரும் முதலில் போய் நிற்கும் இடம் அலைவரிசைப் பலகைதான். ஒரு சேனலுக்கு ஒரு கிளிப். விமானத்தை இயக்க நீங்கள் கையில் பிடித்திருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குள், சேனலை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் என்ற சிறு துண்டின் எண் எதுவோ, அந்த எண்ணுள்ள கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொண்ட பிறகே சுவிட்சைத் தொடலாம். கிளிப் அங்கே இல்லையென்றால் அந்தச் சேனலில் வேறொருவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவர் இறக்கிவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதைச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருந்தும் ஒரு காலைப்பொழுதில், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் தகடான எய்லரானைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்த நான், அதை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ சரியாக அசைகிறது என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டும் ஆசையில், மேசைமேல் வைத்தபடியே டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டேன். பலகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே சீராக ஒலித்துக்கொண்டிருந்த என்ஜின் சத்தம் திடீரென்று கூர்மையாகி, பிறகு இல்லாமலே போயிற்று. விமானத்துக்குச் சொந்தக்காரரான மூத்த உறுப்பினர் புதர்ப்பக்கம் நடந்து சென்று, ஒடிந்த இறக்கையை ஒரு கையிலும் உடற்பகுதியை மறு கையிலும் ஏந்தித் திரும்பி வந்தார். திட்டவில்லை. "கிளிப்பை எடுத்தியா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நான்கு வார இறுதிகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பால்சா மரத்தகட்டில் விலாத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அவருக்குப் புதிய இறக்கை ஒட்டிக் கொடுத்தேன். இறக்கை கட்டக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்ததும் இந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. ரிசீவரைக் குறிப்பிட்ட ஒரு டிரான்ஸ்மிட்டரோடு இணைத்துவிட்டால், அதன் குறியீட்டைத் தவிர வேறெதற்கும் அது செவிசாய்ப்பதில்லை. ஆனாலும் சோதனைகள் குறையவில்லை. டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு விமானத்தைப் பிறகு போடுவது, அணைக்கும்போது அந்த வரிசையை மாற்றி விமானத்தை முதலில் அணைப்பது, சிக்னல் அறுந்தால் என்ஜின் தானாக அடங்குகிறதா என்று தரையிலேயே பார்ப்பது ஆகியவை இன்றும் தவறாமல் நடக்கின்றன. எல்லாவற்றிலும் எளியதும், மிக அதிகமாக மறக்கப்படுவதும் ஒன்று உண்டு. டிரான்ஸ்மிட்டரில் உள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானத்தின் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். பழுதுபார்த்த பின் அது தலைகீழாகிவிட்டிருந்தால், தரையைவிட்டுக் கிளம்பிய சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இதைச் சரிபார்க்காமல் பறக்கவிட்டவர்களில் நன்கு அனுபவப்பட்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

பறக்கவிடுபவர்கள் ஓடுபாதையின் ஓரமாக ஒரே வரிசையில் நிற்போம். விமானங்கள் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும், நம் தலைக்குப் பின்னால் ஒருபோதும் வரக் கூடாது. கண்கள் வானத்தைவிட்டு விலக முடியாதாகையால் எங்களுக்குள் பேச்சு எல்லாம் குரலால்தான். "ஏற்றுகிறேன்", "இறக்குகிறேன்", "பாதையில் ஆள்" என்று உரக்கச் சொல்வோம். "என்ஜின் நின்றுவிட்டது" என்ற குரல் கேட்டால் மற்ற அனைவரும் பாதையை அந்த நொடியே விட்டுக்கொடுப்பார்கள், ஏனெனில் அந்த விமானத்துக்கு இன்னொரு சுற்று கிடையாது.

புதியவர் ஒருவர் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பு வரவில்லை. உடலுக்கு மேலே இறக்கை அமைந்து, அதன் இரு முனைகளும் சற்று உயர்ந்திருக்கும் பயிற்சி விமானத்தை அவருக்குக் கொடுப்போம். கையை எடுத்துவிட்டால் அது பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். கற்பவரிடம் ஒன்று, கற்பிப்பவரிடம் ஒன்று என இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். கற்பிப்பவர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவருடையது, விட்டுவிட்டால் ஆசிரியருடையது. ஒரு தவறு செய்து, அதைத் திருத்தப் போய் இன்னொரு தவறும் செய்தபின் மீள இடம் இருக்கும் அளவு உயரத்தில் பாடம் நடக்கும். விமானம் விலகிச் செல்லும்போது எவருக்கும் சிக்கல் இல்லை. அது திரும்பி நம்மை நோக்கி வரும்போதுதான் இடம் வலமாக மாறிவிடுகிறது. மாணவர் உறைந்து நிற்பார். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அதற்கு முட்டுக் கொடுப்பது போல அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு என்று சொல்லிக் கொடுப்போம். அதை யோசிக்காமல் செய்யும் நாள் வரும்வரை ஆசிரியரின் விரல் அந்தச் சுவிட்சைவிட்டு அகலாது.

தனியாகப் பறக்கவிடுவது என்று நாங்கள் சொல்வதெல்லாம் ஓரளவு பேச்சுக்குத்தான். 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் உருவாக்கிய, 5 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள மாதிரி விமானம், நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துவரை அட்லாண்டிக் பெருங்கடலை ஏறத்தாழ 39 மணி நேரத்தில் கடந்தது. அப்போது ஹில்லின் பார்வை பெரும்பாலும் மங்கியிருந்தது. காதும் சரியாகக் கேட்காது. கடலுக்கு நடுவே தானியங்கிக் கருவி வழிநடத்தியது. மறுகரையில் இன்னொருவர் டிரான்ஸ்மிட்டரோடு காத்திருந்து அதை இறக்கினார்.

எங்கள் அலைவரிசைப் பலகை இன்னும் அதே தூணில்தான் தொங்குகிறது. சேனல் எண்களைத் துடைத்துவிட்டு ஐந்து கிளிப்களை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு நேரத்தில் ஐந்து விமானங்களுக்கு மேல் வானத்தில் வேண்டாம் என்பது கழகத்தின் முடிவு. கடந்த வாரம் புதிய பையன் ஒருவன் நேராக ஓடுபாதைக்குப் போகப் பார்த்தான். பலகையைக் காட்டி, "கிளிப்பை எடுத்தியா, தம்பி?" என்று கேட்டேன்.

நன்றி, வணக்கம்.