வீட்டுக் கணினியில் ஃபோட்டோ அடுக்குவது: முதலில் தேதி, அப்புறம்தான் ஃபோல்டர்

[திரை: ஒரு டெஸ்க்டாப். 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஃபோன் பேக்கப்', 'ஃபோன் பேக்கப் பழசு', 'அண்ணா கல்யாணம் பென்டிரைவ்', 'டெலிட் பண்ணாதே']

வணக்கம். ஃபோன் மாற்றும்போதெல்லாம் ஒரு ஃபோல்டர். கல்யாணத்துக்கு ஒரு பென்டிரைவ். ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிவிடி. வாட்ஸாப்பில் வந்து குவிந்தவை. இப்படித்தான் ஒரு வீட்டுக் கணினியில் இருபதாயிரம், முப்பதாயிரம் படம் சேர்ந்துவிடுகிறது. "பாப்பாவோட முதல் பிறந்தநாள் படம் எங்கே?" என்று யாராவது கேட்டால் மட்டும் ஆளுக்கொரு ஃபோனைத் தடவ வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் 'குடும்பம்', 'டூர்', 'கோயில்', 'நண்பர்கள்' என்று ஃபோல்டர் போட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். நண்பர் வீட்டாரோடு சேர்ந்து எல்லோருமாகத் திருச்செந்தூர் போன படத்தை இதில் எதில் வைப்பீர்கள்? அரை மணி நேரத்தில் 'மற்றவை' என்று ஒரு ஃபோல்டர் முளைக்கும், பாதிப் படம் அதில்தான் போய் விழும். ஒரு படத்தில் எத்தனை பேரும் இருக்கலாம், எத்தனை விஷயமும் இருக்கலாம். எடுத்த நேரம் என்பது ஒன்றே ஒன்றுதான். அதனால் தேதியைப் பிடித்துக்கொண்டு அடுக்குவோம்.

முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் பழைய கார்டு, அப்பா ஃபோன், ஸ்டூடியோ டிவிடி என்று வந்த இடத்தின் பெயரிலேயே தனித்தனி ஃபோல்டர். டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப் என்றால் யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் கிடைக்கும். எழுதக்கூடிய டிவிடிகள் காலப்போக்கில் படிக்க முடியாமல் போகும், அதனால் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் நீக்காதீர்கள், பெயரும் மாற்றாதீர்கள். காப்பி மட்டும் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

[திரை: இரண்டு வேறு படங்கள், ஒரே பெயர்: 'ஐஎம்ஜி_0412']

கேமராக்கள் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறை 1998-இல் ஜப்பானியத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்தது. டிசிஎஃப் என்று பெயர். முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு இலக்க எண். எண் 0001-இல் தொடங்கி 9999 வரை போகும், அப்புறம் மறுபடியும் 0001. கார்டைச் செருகினால் 'டிசிஐஎம்' என்று ஒரு ஃபோல்டர் தெரிகிறதே, அதுவும் இந்த விதியில் வந்ததுதான். ஆக, பத்தாயிரம் படம் எடுத்த கேமராவில் ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தே தீரும். இரண்டு கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். கொட்டும்போது விண்டோஸ் "ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்கும். அவசரத்தில் 'ஆமாம்' அழுத்தினால் ஒரு படம் போய்விடும், போனது தெரியவும் தெரியாது.

சரி, இப்போது தேதிக்கு வருவோம். இந்த வீடியோவின் முக்கியமான பகுதி இதுதான்.

[திரை: ஒரே படத்தின் மூன்று தேதிகள் அடுத்தடுத்து]

ஒரு ஃபோட்டோ ஃபைலுக்கு விண்டோஸில் குறைந்தது மூன்று தேதி உண்டு. 'கிரியேட்டட்' என்பது அந்த ஃபைல் இந்த டிஸ்க்கில் உருவான தேதி. நேற்று காப்பி செய்திருந்தால் நேற்றைய தேதியைக் காட்டும், படம் 2009-இல் எடுத்ததாக இருந்தாலும் சரி. 'மாடிஃபைட்' என்பது கடைசியாகத் திருத்திய தேதி. படத்தைத் திருப்பி சேவ் செய்தாலே அது மாறிவிடும். நமக்கு வேண்டியது மூன்றாவது, 'டேட் டேக்கன்'. ஷட்டரை அழுத்திய கணத்தில் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்த தேதி அது. எக்சிஃப் என்ற தகவல் பொதியில் இருக்கும். 1995-இலிருந்து இருக்கிற முறை. காப்பி செய்தாலும், பெயர் மாற்றினாலும், வேறு கணினிக்குக் கொண்டுபோனாலும் அது மாறாது.

எக்ஸ்ப்ளோரரில் 'டீடெய்ல்ஸ்' வியூவுக்குப் போய், மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'டேட் டேக்கன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். நல்ல ஃபோனில் எடுத்தவை எல்லாம் ஒழுங்காக வந்து நிற்கும். தொல்லை தரும் படங்கள் மூன்று வகை.

முதல் வகை, கேமராவின் கடிகாரமே தப்பு. பழைய டிஜிட்டல் கேமராவில் பேட்டரி தீர்ந்து வெகுநாள் கிடந்தால் கடிகாரம் ஏதோ ஒரு தொடக்கத் தேதிக்குப் போய்விடும். மாட்டிய பிறகு தேதியைச் சரிசெய்யாமல் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று படம் எடுக்க ஆரம்பித்திருப்போம். தீபாவளிப் படங்கள் ஜனவரியில் வந்து நிற்பது இப்படித்தான். ஆடி பார்க்கிற வீட்டில் முகூர்த்தப் படம் ஆகஸ்ட் 1 என்று காட்டினால், கடிகாரத்தின் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதைத் திருத்த ஒவ்வொரு படமாகப் போக வேண்டியதில்லை. கடிகாரம் தப்பாக இருந்தாலும் ஒரே அளவு தப்பாகத்தானே ஓடுகிறது? உறுதியாகத் தேதி தெரிந்த ஒரு படத்தைக் கண்டுபிடித்தால் போதும். கல்யாணப் பத்திரிகை, பின்னால் மாட்டியிருக்கும் நாள்காட்டி, மண்டப வாசல் போர்டு, எது வேண்டுமானாலும் சாட்சி. 2012-இல் தீபாவளி நவம்பர் 13. அன்றைக்கு மத்தாப்புக் கொளுத்திய படம் 2008 ஜனவரி 3 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 வருடம் 10 மாதம் 10 நாள். அதே வித்தியாசத்தை அந்தத் தொகுதி முழுக்கக் கூட்டிவிட வேண்டியதுதான்.

தொகுதி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? ஃபைல் எண்ணைப் பாருங்கள். தேதி பின்னுக்குப் போனாலும் எண் பொதுவாக முன்னுக்கே ஓடிக்கொண்டிருக்கும். எண் வரிசையில் தேதி திடீரென்று குதிக்கிற இடம்தான் கடிகாரம் மாறிய இடம்.

[திரை: டிஜிகாமில் 'அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்' ஜன்னல்]

இந்தக் கூட்டலைச் செய்ய டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் 'அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்' என்று ஒரு வசதி உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கமாண்ட் அடித்துப் பழகியவர்களுக்கு எக்சிஃப்டூல் இன்னும் சுலபம். ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் வளர்த்துவரும் கருவி அது. இரண்டில் எதுவானாலும், முதலில் பத்துப் படத்தின் காப்பியில் செய்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எடுத்த படங்களுக்கும் இதே வைத்தியம்தான். துபாய் நேரத்தில் இருக்கும் கேமரா நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கும், சிங்கப்பூர் கேமரா இரண்டரை மணி முன்னால். மாமா கேமராவில் தாலி கட்டி முடித்தாயிற்று, நம் கேமராவில் மாப்பிள்ளை அழைப்பே நடக்கவில்லை என்று வரும். எக்சிஃபில் நேர மண்டலம் எழுத இடமே 2016-இல்தான் வந்தது. அதனால் பழைய கேமராக்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் வகை, வாட்ஸாப். இதில் வருகிற படத்தில் எக்சிஃப் தேதி இருக்காது, வழியிலேயே உரித்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயருக்குள் ஒரு தேதியும் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளும் இருக்கும். அந்தத் தேதி படம் உங்களுக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. பெரியம்மா 1990-களின் படத்தை நேற்று அனுப்பினால் நேற்றைய தேதிதான். அளவும் சுருங்கிவிடும். ஃபோனில் 4000-க்கு 3000 பிக்சலில் எடுத்தது, சாதாரணமாக அனுப்பினால் ஏறக்குறைய 1600-க்கு 1200 ஆகிறது. கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு. இதற்கு நான் சொல்வது இதுதான்: எக்ஸ்ப்ளோரர் தேடல் பெட்டியில் அந்த 'டபிள்யூஏ' பெயர் அமைப்பை அடித்து எல்லாவற்றையும் பிடித்து, தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பூங்கொத்தோடு வரும் காலை வணக்கங்களைக் களைந்துவிட்டு, முக்கியமான படங்களை மட்டும் எடுத்தவரிடம் மூலமாகக் கேளுங்கள். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பச் சொன்னால் அளவும் தேதியும் அப்படியே வரும்.

மூன்றாம் வகை, ஸ்கேன் செய்த பழைய படங்கள். எக்சிஃபை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்து, எடுத்த தேதிக்கு ஒரு கட்டம், டிஜிட்டல் ஆக்கிய தேதிக்கு ஒரு கட்டம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். எடுத்த தேதியை நாமே நிரப்ப வேண்டியதுதான். வருடம் மட்டும்தான் தெரியும் என்றால் ஃபைல் பெயரில் 1987-00-00 என்று எழுதிவிடுங்கள். அந்த வருட வரிசையில் முதலில் வந்து நிற்கும், தேதி தெரியாது என்பதும் பார்த்ததும் புரியும். ஸ்கேன் செய்யும்போது படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரையும் தாத்தாவின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

தேதி சரியாகிவிட்டது என்றால் மீதி வேலை வேகமாகப் போகும்.

இரட்டைப் படங்கள். அச்சு அசலாக ஒன்றே போல் இருக்கும் ஃபைல்களைக் கணினியே தவறாமல் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் என்ற ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். இதைச் செய்யும் டூப்குரு, ச்காவ்கா என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். இந்த வகையில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தைரியமாக நீக்கலாம். ஆனால் 'ஏறக்குறைய ஒன்றே' என்று கருவி காட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் நீக்காதீர்கள். குரூப் ஃபோட்டோ நான்கு எடுத்திருப்போம், அதில் ஒன்றில்தான் எல்லோரும் கண் திறந்திருப்பார்கள். இன்னொன்று, ஐஃபோனின் லைவ் ஃபோட்டோவில் படமும் குட்டி வீடியோவும் ஒரே பெயரில் ஜோடியாக வரும். அது இரட்டை இல்லை, பிரிக்காதீர்கள்.

[திரை: '2014' ஃபோல்டர், அதற்குள் '2014-05-18 சித்தி கல்யாணம் மதுரை']

இப்போது ஃபோல்டர். வருடத்துக்கு ஒன்று. அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. பெயரில் முதலில் வருடம், அப்புறம் மாதம், அப்புறம் நாள், கடைசியில் என்ன, எங்கே. நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதினால் ஜனவரி 5-க்கு அடுத்து டிசம்பர் 5 வந்து நிற்கும், ஏனென்றால் கணினி இடமிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத்தான் அடுக்குகிறது. மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள், மே என்றால் 05. நிகழ்ச்சி எதுவும் இல்லாத அன்றாடப் படங்களுக்கு '2014-05 வீட்டில்' என்று மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போதும். தமிழில் பெயர் வைக்கலாம், இன்றைய கணினியில் எந்தச் சிக்கலும் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடித்தால்தான் குப்பையாகத் தெரியும், யூனிகோடில் அடியுங்கள்.

ஃபைல்களுக்கும் தேதியும் நேரமும் சேர்த்துப் பெயர் வைப்பது நல்லது. முன்பு பார்த்த பெயர் மோதல் அத்தோடு அனேகமாகத் தீர்ந்துவிடும். ஒரே விநாடியில் எடுத்த இரண்டு படத்துக்காகப் பழைய எண்ணையும் கடைசியில் விட்டுவையுங்கள். டிஜிகாமே எக்சிஃப் தேதியைப் படித்து ஆயிரக்கணக்கில் பெயர் மாற்றிக் கொடுக்கும். நேரத்துக்கு நடுவில் முக்காற்புள்ளி மட்டும் போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது.

ஆட்களின் பெயரை எங்கே வைப்பது? டேக்கில், அதாவது படத்தோடு சேர்த்து வைக்கும் குறிச்சொல்லில். ஒரு படத்தில் ஆறு பேர் என்றால் ஆறு டேக். ஆனால் அந்த டேக் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஃபோட்டோ அடுக்கும் மென்பொருள் பிகாசா ஞாபகம் இருக்கிறதா? கூகுள் அதை 2016-இல் நிறுத்திவிட்டது. அதில் படத்தின் அடியில் எழுதிய குறிப்புகள் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டன, அதனால் இன்றைக்கும் வேறு மென்பொருளில் படிக்கலாம். ஆல்பங்கள் படத்துக்குள் இல்லாமல் பிகாசாவின் சொந்தப் பதிவு ஃபைல்களில் இருந்தன, மற்ற மென்பொருள்கள் பொதுவாக அவற்றைப் படிப்பதில்லை. பார்த்துப் பார்த்துக் கோத்த ஆல்பத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது சுலபமில்லை. டிஜிகாம் அமைப்புகளில், டேக்குகளைப் படத்துக்குள்ளேயே எழுது என்ற தேர்வு இருக்கிறது. முதல் டேக் போடுவதற்கு முன்னால் அதை டிக் செய்துவிடுங்கள்.

இத்தனை உழைப்பும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் பயனில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இது. வீட்டுக்கு வெளியே என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளில், கணினியும் அதன் பக்கத்து அலமாரியிலிருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனைந்திருக்கும். இரண்டாவது டிஸ்க்கைத் தங்கை வீட்டிலோ அலுவலக லாக்கரிலோ வையுங்கள். கிளவுட் இருக்கிறதே என்றால், ஃபோனில் நீக்கினால் அங்கேயும் நீங்கிவிடுகிற சேவை பேக்கப் ஆகாது. கூகுள் ஃபோட்டோஸில் கணக்கில்லாத இலவச இடமும் 2021 ஜூன் 1-ஓடு முடிந்துவிட்டது, இப்போது ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிதான்.

இனி புதிதாக வருகிற படங்கள். மாதம் ஒருமுறை ஃபோனையும் கேமரா கார்டையும் 'வரவு' ஃபோல்டரில் இறக்குங்கள். தேதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிகழ்ச்சி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், பேக்கப் டிஸ்க்குக்கு ஒரு காப்பி. அந்த இரண்டாவது காப்பி முடிந்து, அதிலிருந்து நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகே கார்டைக் காலி செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல், கேமராவில் போட்டு அதன் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.