268 என்ற எண் செய்த வேலை: தாக்குதல் விளம்பரம் எப்படித் தயாராகிறது?

[திரை: கறுப்பு வெள்ளை. சிறைச் சுவர், காவல் கோபுரம். கைதிகள் வரிசையாகச் சுழல் கதவுக்குள் நுழைந்து, நிற்காமல் வெளியே வருகிறார்கள்.]

1988 அக்டோபர். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கும்போது குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரக் குழு இந்த 30 விநாடி விளம்பரத்தை இறக்கியது. மகன் புஷ் இல்லை, அப்பா. குறி வைக்கப்பட்டவர் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸ், மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வந்தவர்.

பின்னணிக் குரல் என்ன சொல்கிறது? பரோலுக்கே தகுதியில்லாத முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு டுகாகிஸ் வார இறுதி விடுப்பு கொடுத்தார் என்கிறது. அப்படி வெளியே போன பலர் ஆட்கடத்தல், பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களைச் செய்தார்கள் என்றும் சொல்கிறது. அதே நேரம் திரையில் எழுத்து: "268 பேர் தப்பினர்."

[திரை: படம் உறைகிறது. 268 மட்டும் பெரிதாகிறது.]

இப்போது காதை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் பாருங்கள். 268 என்பது உண்மையான எண். டுகாகிஸின் முதல் இரண்டு பதவிக்காலத்தையும் சேர்த்து, விடுப்பில் போய்த் திரும்பாதவர்கள் அத்தனை பேர். ஆனால் அது எல்லா வகைக் கைதிகளையும் சேர்த்த கணக்கு. விடுப்பு பெற்றவர்களே 11,000 பேருக்கு மேல். அந்த 268 பேரில் பரோலுக்குத் தகுதியில்லாத முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகள் 4 பேர். அந்த நால்வரில், வெளியே போய் ஆட்கடத்தலும் வன்கொடுமையும் செய்தது ஒரே ஒருவர்: வில்லி ஹார்ட்டன்.

268 கொலைகாரர்கள் தப்பினார்கள் என்று விளம்பரம் எங்கேயும் சொல்லவில்லை. காதில் 'கொலைக் குற்றவாளிகள்' விழும்போது கண்ணில் 268 படுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது பார்ப்பவர். தப்பாகப் போட்டால் பழி அவர்மேல். இந்தத் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முழுப் பொய் சொன்னால் மறுநாளே பத்திரிகை பிடித்துவிடும். உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று. அந்த விடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதே டுகாகிஸ் இல்லை. 1972-இல், குடியரசுக் கட்சி ஆளுநர் காலத்தில் வந்தது. ஆனால் கொலைக் குற்றவாளிகளுக்கு அதை நிறுத்த 1976-இல் வந்த மசோதாவை டுகாகிஸ் நிராகரித்தார். அடிக்க இடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

[திரை: மேஜையில் ஒரு சிறிய குறிப்பு அட்டை.]

இந்த விடுப்பு விஷயம் புஷ் குழுவுக்கு எப்படிக் கிடைத்தது? முதலில் எடுத்தவர் டுகாகிஸின் சொந்தக் கட்சிக்காரர். அந்த ஏப்ரலில், நியூயார்க் உட்கட்சித் தேர்தல் விவாதத்தில் போட்டியாளர் அல் கோர் இதைக் கேள்வியாகக் கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டது புஷ் முகாமின் ஆராய்ச்சிப் பிரிவு. எதிராளியின் பேச்சு, கையெழுத்து, ஓட்டு எல்லாவற்றையும் தோண்டுவதுதான் அவர்கள் வேலை. தோண்டியதில் ஒரு சின்ன அட்டையில் அடங்குவதை மட்டும் கொண்டுவரச் சொன்னார் புஷ்ஷின் பிரசார மேலாளர் லீ அட்வாட்டர்.

பிறகு சோதனை. மே மாதம் நியூஜெர்சியின் பராமஸ் நகரில், டுகாகிஸுக்கு ஓட்டுப் போட நினைத்திருந்த ஜனநாயகக் கட்சிச் சார்பாளர்களை உட்காரவைத்து இந்த விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் மனம் மாறினார்கள். ஜூலையில் கருத்துக்கணிப்பில் டுகாகிஸ் 17 சதவீதப் புள்ளி முன்னிலை என்று செய்தி வந்தபோது, எதை வைத்து இறக்குவது என்பது புஷ் குழுவுக்கு ஏற்கெனவே தெரியும்.

எழுதும் வேலை ரொம்பச் சுருக்கம். 30 விநாடிக்கு ஆங்கிலத்தில் 75, 80 சொற்கள். மூன்று குற்றச்சாட்டுக்கு மேல் தாங்காது. எதிராளியின் படம் நிறமிழந்து, மெதுவாக, வாய் பாதி திறந்த நிலையில் நிற்கும். கடைசியில் நம்மவர் வரும்போது வண்ணம் திரும்பும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். வேட்பாளர் அல்லாத குழுவின் விளம்பரம் என்றால் தொலைக்காட்சி நிலையத்தின் வழக்கறிஞர் கேட்பார். ஒளிபரப்பு நேரத்தைப் புள்ளிக் கணக்கில் வாங்குவார்கள்; ஒரு புள்ளி என்றால் அந்த ஊர்ப் பார்வையாளர்களில் 1 சதவீதம் பேர் ஒரு முறை பார்ப்பது. ஒரு ஊர்ச் சந்தையில் வாரத்துக்கு 1,000 புள்ளி வாங்கினால், சராசரிப் பார்வையாளர் அதைச் சுமார் 10 முறை பார்ப்பார்.

[திரை: இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'வேட்பாளர்', மற்றொன்றில் 'வெளிக்குழு'.]

ஹார்ட்டனின் முகத்தைக் காட்டியது புஷ் குழுவின் விளம்பரம் இல்லை. அதற்கு முன்பே ஒரு வெளிக்குழு, அதாவது வேட்பாளரின் பிரசாரத்தில் சேராத தனி அமைப்பு, கேபிள் தொலைக்காட்சியில், ஹார்ட்டனின் போலீஸ் புகைப்படத்தோடு தனி விளம்பரம் போட்டிருந்தது. அவர் கறுப்பினத்தவர். வெள்ளை வாக்காளரின் பயத்துக்கு அந்த முகம் போதுமாக இருந்தது. அது ஓய்ந்த கையோடு புஷ் குழுவின் சுழல் கதவு விளம்பரம் வந்தது. முகத்தைப் பார்வையாளரே நினைவிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டார். கை அழுக்காகாமல் காரியம் முடிந்தது.

இந்தப் பிரிவினை சட்டத்திலும் உண்டு. வேட்பாளர் கொடுக்கும் விளம்பரத்தை நிலையம் தணிக்கை செய்யக் கூடாது. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் இருப்பதிலேயே குறைந்த கட்டணம்தான் வாங்க வேண்டும். வெளிக்குழுவுக்கு இரண்டு சலுகையும் கிடையாது. அவதூறு இருந்தால் நிலையமே வழக்கில் மாட்டலாம். அதனால்தான் வெளிக்குழு விளம்பரம் வந்த அன்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிலையத்துக்கு மிரட்டல் கடிதம் அனுப்புகிறார். 2002 தேர்தல் நிதிச் சட்டத்துக்குப் பிறகு வேட்பாளர் தன் விளம்பரத்துக்குத் தானே பொறுப்பு என்று வாயால் சொல்ல வேண்டும், எழுத்திலும் 4 விநாடி காட்ட வேண்டும். விளைவு? கடுமையான அடியை வெளிக்குழுவிடம் தள்ளிவிட இன்னொரு காரணம் கிடைத்தது.

[திரை: தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குள் பீரங்கி வண்டியில் ஹெல்மெட்டோடு டுகாகிஸ்.]

சரி, அடிபட்டவர் என்ன செய்வது? டுகாகிஸ் பல வாரம் சும்மா இருந்தார். கடைசியில் ஒரு பதில் விளம்பரம் எடுத்தார். அவர் பீரங்கி வண்டியில் சவாரி போனதைக் கேலி செய்யும் புஷ் விளம்பரம் பெட்டியில் ஓடும். டுகாகிஸ் வந்து பெட்டியை அணைத்துவிட்டு, பொறுத்தது போதும் என்பார். குறை புரிகிறதா? பதிலின் முதல் சில விநாடி எதிரியின் விளம்பரமே. அதைத் தன் காசில் இன்னொரு தடவை ஊருக்குக் காட்டினார். புஷ் 40 மாநிலங்களில் ஜெயித்தார். எல்லாம் விளம்பரத்தால் என்று சொல்வது மிகை; பொருளாதாரம் நன்றாக இருந்தது, அப்போது அதிபராக இருந்த அதே கட்சியின் ரேகனுக்கும் நல்ல பெயர்.

2004-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரியும் பதில் சொல்லத் தாமதித்தார்; அதற்குக் காரணம் பணம். அரசு நிதியாகச் சுமார் 7.5 கோடி டாலர் வாங்கியிருந்தார். வேட்பாளராக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அதைக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் கட்சி மாநாடு ஜூலை இறுதியில், மகன் புஷ்ஷின் மாநாடு ஐந்து வாரம் கழித்து. அதனால் ஆகஸ்டில் காசைச் செலவழிக்காமல் இறுக்கிப் பிடித்தார். அந்த ஆகஸ்டிலேயே அவருடைய வியட்நாம் போர்ச் சேவையைத் தாக்கி ஒரு முன்னாள் படைவீரர் குழு மூன்று மாநிலங்களில் மட்டும் சின்னதாக விளம்பரம் வாங்கியது. செய்திச் சேனல்கள் அதை இலவசமாக நாடு முழுவதும் ஓட்டிவிட்டன. கெர்ரி வாய் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

அடிப்பவருக்கே திரும்பி விழுவதும் உண்டு. இருவர் மட்டுமே களத்தில் இருந்தால் எதிராளி இழப்பது நமக்கு வரும். பலர் இருந்தால் வராது. அதே 2004 ஜனவரியில், ஜனநாயகக் கட்சியின் அயோவா மாநில உட்கட்சித் தேர்தலில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் விளம்பரத்தில் கிழித்துக்கொண்டார்கள். முடிவில் கெர்ரிக்கு 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸுக்கு 32. டீன் 18-இல் நின்றார். 11 வாங்கிய கெப்ஹார்ட் போட்டியிலிருந்தே விலகினார்.