நாற்பதுக்குப் பிறகு ஒரு சீருடை

(மட்டக்களப்பு படுவான்கரைக் கிராமம் ஒன்றில், மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அம்மாமாரே, அக்காமாரே, தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவி அக்கா என்னை அறிமுகப்படுத்தும்போது, "புருசன் போன கவலையை மறக்கப் படிக்கப் போனவ" என்று சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் மறக்கப் போகவில்லை. அவர் பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் திருப்பிப் படுக்கவைத்தேன், உடம்பு துடைத்தேன், கஞ்சி பருக்கினேன். அவர் செத்து, எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு பார்த்தால், கை வேலைக்குப் பழகிக் கிடக்கிறது, பார்க்க ஆள் இல்லை. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் போனேன்.

ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அரச தாதியர் கல்லூரியில் நம்மைப் போன்றவர்களை எடுக்கமாட்டார்கள். அது மூன்று வருடப் படிப்பு. உயர்தரப் பெறுபேறு வேண்டும், வயதெல்லையும் உண்டு. நாற்பது தாண்டியவளுக்கு அந்த வாசல் இல்லை. அது மாற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இப்போதைக்கு நமக்குத் திறந்திருப்பது பராமரிப்பாளர் பயிற்சி. என்.வி.கியூ என்கிறார்களே, தேசிய தொழில் தகைமை, அதில் ஏழு மட்டம் உண்டு. நான் எடுத்தது மூன்றாம் மட்டம். வாட்டில் நாம் 'மிஸ்' என்று கூப்பிடுகிற தாதி வேறு, நான் வேறு. ஊசி போடுவதும் மருந்தளவை மாற்றுவதும் என் வேலை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

அப்படியென்றால் என்னதான் படித்தாய் என்று கேட்பீர்கள். முதலில் கை கழுவப் படித்தேன். சிரிக்காதீர்கள். விரலிடுக்கு, நகக்கண், பெருவிரல் அடி என்று சவுக்காரம் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 செக்கன் ஆகும். பிறகு மூச்சு எண்ணப் படித்தேன். "உங்கட மூச்சை எண்ணப் போறன்" என்று சொன்னால் போதும், யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற மாதிரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. கூடினாலும் குறைந்தாலும் எழுதிவைத்து உடனே சொல்ல வேண்டும்.

படுக்கைப்புண் பாடமும் அப்படித்தான். குதிக்காலிலோ இடுப்பின் பின்பக்கத்திலோ சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போலக் கறுத்த தோலில் சிவப்புச் சரியாகத் தெரியாது. அந்த இடம் சூடாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பச் சொன்னது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வீட்டில் நான் காரணம் தெரியாமலே அதைச் செய்து வந்திருக்கிறேன். அன்று பின்னேரம் பஸ்சில் அழுதுகொண்டேதான் வந்தேன். பாரிசவாதக்காரருக்கு நிமிர்த்தி உட்காரவைத்துச் சின்னக் கரண்டியால் ஊட்டிக் காட்டிய நாளில் வகுப்பை விட்டு எழும்பிப் போய், முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. இழப்பு இருந்தால் அது வகுப்புக்குள்ளும் வரும். வந்தால் வரட்டும் என்று இருங்கள். ஆனால் நோயாளியின் கட்டிலடியில் அவருடைய வருத்தம்தான் முதலில்.

இங்கிலாந்தில் சிசிலி சோண்டர்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1918இல் பிறந்தவர். தாதியாக இருந்தார், முதுகுவலியால் அந்த வேலையை விட வேண்டி வந்தது. 1948இல், அவர் மிகவும் நேசித்த ஒரு நோயாளி புற்றுநோயில் இறந்துபோனார். போலந்திலிருந்து அகதியாக வந்தவர் அந்த மனுசன். இங்கிலாந்துக் காசில் 500 பவுணைச் சோண்டர்ஸுக்கு விட்டுச் சென்றார். அதற்குப் பிறகுதான் சோண்டர்ஸ், முப்பது வயது தாண்டிய நிலையில், மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1957இல் டொக்டரானார். 1967இல், இறக்கப்போகிறவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள லண்டனில் ஒரு இல்லத்தைத் திறந்தார். நாற்பத்தொன்பது வயதில்! நம்முடைய ஊரில் அந்த வயதில் ஒரு பொம்பிளை பாடக்கொப்பி வாங்கினால், "இந்த வயசில உனக்கென்ன படிப்பு" என்கிறார்கள்.

வாவிக்கு மேற்கே கிடக்கிற இந்தப் படுவான்கரையை எடுத்துக்கொள்வோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நோயாளியை ஏற்றிக்கொண்டு துறையடியில், வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தோம். இன்றைக்கு 1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு? பிள்ளைகள் கட்டாரிலும் சவுதியிலும். சீனி வருத்தத்தில் கால் விரல் எடுத்த அப்பாவுக்கு யார் தினம் பாதத்தைப் பார்ப்பது? அந்த வேலையைத் தெரிந்தவள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறாள். அவளுக்குச் சான்றிதழும் சம்பளமும்தான் இல்லை. வீட்டில் பார்த்தது எல்லாம் பொம்பிளையின் கடமை, அதற்கு என்ன காசு என்கிற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

சேர விருப்பமானவர்கள் காசு கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிலையமும் அந்தப் பாடநெறியும் பதியப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதியாத இடத்தில் வாங்கிய சான்றிதழ் வேலைக்கு உதவாது. பிரஷர் மெசின் கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்து முடிய, ஒவ்வொருவராக வந்து இருங்கள், பார்ப்போம்.